பச்சை விளக்கு எரியும்வரை

தெருமுனையில் முந்திர் திரும்புவதைக் கண்டதும் கேமராக் கடைக்காரர் பிஷாரா கல்லாவுக்கு அடியில் குனிந்துகொண்டார். மூன்று வாரத்தில் இது ஒன்பதாவது வருகை.

"உள்ளேதான் இருக்கீங்கன்னு தெரியும், பிஷாரா! வழுக்கை வெளியில தெரியுது!"

பிஷாரா வேறு வழியில்லாமல் எழுந்தார். மரியாதைக்கு முந்திரை எல்லோரும் அபூ லைஸ் என்றுதான் அழைப்பார்கள். "பேனா விழுந்துடுச்சு, அபூ லைஸ். தேடிக்கிட்டிருந்தேன்."

"மூணு வாரமா அந்தப் பேனா விழுந்துக்கிட்டே இருக்கு" என்றபடி முந்திர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட வந்த மைத்துனன் ஷௌகி, வாசலில் நின்றபடியே பிஷாராவைப் பார்த்து அனுதாபமாகச் சிரித்தான்.

முந்திர் வாங்க வந்தது ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. சட்டைப் பையில் அடங்க வேண்டும். விலையும் அதே பையில் அடங்க வேண்டும். இதற்காக அவர் அம்மான் நகரத்துப் பழைய கடைவீதியில் ஏறி இறங்காத கடை இல்லை. இரண்டு கடைக்காரர்கள் அவர் தலையைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தொழுகிற வழக்கமே இல்லாதவர்.

நிலப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக ஊரார் நிலங்களின் எல்லைகளைச் சரிபார்த்து வந்ததில், தன்னுடைய எல்லை எது என்பது மட்டும் முந்திருக்கு மறந்துபோயிருந்தது. மெகாபிக்சல் என்ற சொல்லை அவர் முதன்முதலாகக் கேள்விப்பட்டே இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் அலுவலகத்தில் அதைப் பற்றி மூன்று பிரசங்கம் செய்து முடித்திருந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பெரிய தாளில் பதினான்கு கேமராக்களின் குணாதிசயங்களை எழுதி, நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். அதை அவர் பிரிக்க ஆரம்பித்தாலே பிஷாராவுக்குத் தலைவலி வந்துவிடும்.

"இதைப் பாருங்க" என்று பிஷாரா ஒரு வெள்ளிநிறக் கேமராவை எடுத்து வைத்தார். "புதுசு. கையில அடங்கும். பின்னாடி பெரிய திரை. படம் எடுத்ததும் அதுலயே பார்த்துக்கலாம்."

"மெகாபிக்சல் எத்தனை?"

"எட்டு."

"போன வாரம் ஏழுன்னீங்க."

"போன வாரம் காட்டினது வேற கேமரா."

"பார்த்தியா ஷௌகி, மாத்தி மாத்திப் பேசுறார்" என்றார் முந்திர், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு. "விலை?"

"எழுபத்தஞ்சு தினார்."

முந்திர் கேமராவை ஈ உட்கார்ந்த பண்டம்போல ஒரு விரலால் தள்ளி வைத்தார். "இந்தத் திரைக்குத்தான் பாதிக் காசு. கண்ணு இருக்கிறவனுக்குத் திரை எதுக்கு?"

அப்போது ஷௌகி அலமாரியின் மூலையைப் பார்த்துச் சொன்னான்: "இதையே வாங்கிடுங்க மச்சான். நல்ல வேளை, அதோ அந்தக் கறுப்புக் கேமரா மாதிரி எதையாவது வாங்கித் தொலைக்காம இருந்தீங்களே."

முந்திரின் காது விறைத்தது. மனைவியின் தம்பி ஒன்றைச் சொன்னால் அதற்கு நேர் எதிரானதுதான் சரி என்பது, கல்யாணமான நாளிலிருந்து அவர் கடைப்பிடித்து வரும் கொள்கை. ஷௌகி டாக்சி ஓட்டுகிறவன். அவன் வலதுபக்கம் திரும்பச் சொன்னால், முந்திர் இடதுபக்கம் போய் நாற்பது நிமிடம் சுற்றிவிட்டு, காட்சி நன்றாக இருந்தது என்பார்.

"அது என்ன, அந்தக் கறுப்பு?"

"அது வேண்டாம், அபூ லைஸ்" என்றார் பிஷாரா. மூன்று வாரத்தில் அவர் சொன்ன ஒரே நேர்மையான வார்த்தை அதுதான். "யாரோ வித்துட்டுப் போனது. பின்னாடி திரை செத்துப்போச்சு. எடுத்த படத்தைப் பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இந்த ஓட்டையில கண்ணை வெச்சுப் பார்த்து அமுத்தணும். ஓட்டைக்குள்ளேயே ஓரமா ஒரு சின்ன விளக்கு தெரியும். பச்சை எரிஞ்சா படம் விழுந்துடுச்சு. சிவப்பு மின்னினா விழலைன்னு அர்த்தம்."

"என்ன விலை?"

"முப்பது. ஆனா—"

"ஐயோ மச்சான்" என்று ஷௌகி தலையில் கை வைத்தான். "அந்தக் குருட்டுக் கேமராவை மட்டும் வாங்கிடாதீங்க. ஊரே சிரிக்கும்."

அவ்வளவுதான். கேமரா விற்றுப்போயிற்று.

முப்பது தினாரை இருபத்தெட்டாக்க முந்திருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகுதான் அதற்குள் போடும் மெமரி அட்டை தனியாக வாங்க வேண்டும் என்பதும், எல்லாக் கேமராவுக்கும் போடுகிற அட்டை இதற்குச் சேராது என்பதும், இதற்குச் சேரும் அட்டை இப்போது தயாரிப்பிலேயே இல்லை என்பதும் தெரிய வந்தது. பிஷாரா யாருக்கோ போன் செய்து, எங்கிருந்தோ வரவழைத்து, அதற்கு ஒரு விலை சொன்னார். இருபது படத்தில் தீர்ந்துபோகும் பேட்டரிகளுக்கு இன்னொரு விலை. கடைசியில் எல்லாம் சேர்ந்து எழுபத்திரண்டு தினார் வந்தது. மூன்று தினார் மிச்சம் பிடித்துவிட்ட வெற்றியோடு முந்திர் படியிறங்கினார்.

இத்தனை பாடும் ஒரே ஒரு படத்துக்காக.

அவர் மகள் ஜுமானாவைப் பெண் கேட்க வரும் வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் முப்பது பேர் வரப்போகிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வரும் பெரியவருக்குத்தான் முதல் காபி. அவர் அதைக் குடிக்க மாட்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லிக் கேட்பார். பெண்ணின் தகப்பன், "காபியைக் குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் எடுத்துக் குடிப்பார். கீழே வைத்த கோப்பைக்கு மாட்டேன் என்று சொன்ன வீட்டை ஊர் மூன்று தலைமுறைக்கு மறக்காது.

வரப்போகும் பெரியவரோ சாமானியர் இல்லை. மாப்பிள்ளை குதைபாவின் தாய்வழியில் பெரிய தாத்தா, அபூ தைசீர் பாஷா. ஒரு காலத்தில் மாகாண கவர்னராக இருந்தவர். அப்படிப்பட்டவர் தன் வீட்டு வரவேற்பறையில், தன் முன்னால் கோப்பையை வைத்துவிட்டுக் கையேந்தி நிற்பதை முந்திர் படமெடுத்து மாட்ட விரும்பினார். சோபாவுக்கு மேலே ஆணிகூட அடித்தாகிவிட்டது. பெரியப்பா மகன் ஃபக்ரி வீட்டுச் சுவரில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவர் இதேபோல் கோப்பை வைக்கும் படம் ஆறு வருடமாகத் தொங்குகிறது. ஆறு வருடமாக முந்திருக்குச் சரியான தூக்கம் இல்லை.

வீட்டில் மற்றவர்களுக்கு இருந்த கவலை வேறு.

குதைபா அகபா துறைமுகத்தில் இன்ஜினியர். நல்ல பையன். இரண்டு வருடமாகக் காத்திருக்கிறான். காத்திருக்க வைத்தது முந்திரின் நிபந்தனைகள். கல்யாணம் இன்னும் இரண்டு வருடம் கழித்துத்தான். கல்யாணத்துக்குப் பிறகு அகபா கிகபா எல்லாம் கிடையாது. தன் வீட்டு மேல்மாடியில்தான் குடியிருக்க வேண்டும், அதற்கு மாப்பிள்ளை வாடகை தர வேண்டும். ஜுமானா மருந்துக்கடை வேலையை விட்டுவிட வேண்டும். இவற்றை எழுதிய தாளும் அவர் கோட்டுப் பையில்தான் இருந்தது. பாஷா காபியைக் குடித்து முடித்ததும், முப்பது பேர் முன்னால் எடுத்து வாசிப்பதாகத் திட்டம். பெண் கேட்டு வந்தவர்கள் கோப்பையைக் காலி செய்துவிட்டு எப்படி எழுந்து போவார்கள் என்பது அவர் கணக்கு.

"அந்தத் தாளை வாசிச்சீங்கன்னா அவங்க அப்படியே கிளம்பிடுவாங்க, அப்பா" என்றாள் ஜுமானா. "மறுபடி வர மாட்டாங்க. குதைபா இல்லைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம். சும்மா பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க."

"மருந்துக்கடையில உக்காந்து உக்காந்து உனக்கு வாய் கசப்பாயிடுச்சு" என்றார் தகப்பனார். புதுக் கேமராவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததால் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜுமானா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அழுதாள் என்று இங்கே எழுதுவதற்கு எனக்கே கோபமாக வருகிறது, ஆனால் அழுதாள்.

முந்திரின் மனைவி ருதைனா அழவில்லை. இருபத்தேழு வருடம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியவள், அழுவதால் எதுவும் நடக்காது என்று என்றோ தெரிந்துகொண்டவள். அவள் கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுத்துக் கிடந்த திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு போட்டோக்காரரையே வரச்சொல்லியிருக்கலாம்."

"போட்டோக்காரன் அமுத்துற பட்டனைத்தான் நாமும் அமுத்தப் போறோம்."

"யார் அமுத்துறது? நீங்க படத்துல இருக்கணுமே."

முந்திர் இதை யோசிக்கவில்லை. பதினான்கு கேமரா, ஒன்பது கடைப்பயணம், மூன்று பிரசங்கம். எடுக்கப்போகிற ஆள் யார் என்று மட்டும் யோசிக்கவில்லை.

"யார்கிட்ட வேணா குடுங்க" என்றாள் ருதைனா. "என் தம்பி கையில மட்டும் குடுத்துடாதீங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. கையும் நடுங்கும்."

அன்று மாலையே ஷௌகி வரவழைக்கப்பட்டான்.

"இந்த ஓட்டையில கண்ணை வை. அமுத்து. பச்சை எரிஞ்சா விழுந்துடுச்சு. சிவப்பு மின்னினா விழலை. புரியுதா?"

"பச்சைன்னா போகலாம், சிவப்புன்னா நிக்கணும். நம்ம ரோட்டு சிக்னல் மாதிரி."

"அப்படியே வெச்சுக்கோ. ஆனா நீ ரோட்டுல சிவப்புக்கு நின்னதே கிடையாது. இங்கேயாவது நில்லு."

"சரி மச்சான். சிவப்பு எரிஞ்சா விழுந்துடுச்சு."

"பச்சைடா! பச்சை!"

நாலு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரும் முட்டாள்கள் என்பது முந்திருக்கு அன்று இன்னொரு முறை நிரூபணமாயிற்று. மறுநாள் வியாழக்கிழமை கேமராவைப் பத்திரமாக வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு அலுவலகம் போனார். வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை படத்தோடு வருவதாகவும், செல்போனில் படமெடுக்கிற அற்பப் பிறவிகள் அதைப் பார்த்துத் திருந்திக்கொள்ளலாம் என்றும் அங்கே அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை மாலைத் தொழுகை முடிந்து கூட்டம் வந்து சேர்ந்தது. முப்பது பேரில் முக்கால்வாசிப் பேர் சோபாவில், மற்றவர்கள் வாடகை நாற்காலிகளில். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உள்ளறையில் பெண்கள். பாஷா கறுப்பு அங்கி சரசரக்க உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இந்த வீட்டு வாசலை இன்னைக்குத்தான் மிதிக்கிறேன். நல்லா இருக்கட்டும்" என்று வாழ்த்தினார். கை கழுவ வேண்டும் என்று சொல்லி, யாரும் வழிகாட்டாமலே இரண்டு தடவை திரும்பிச் சரியான இடத்துக்குப் போய்விட்டு வந்தார். கவர்னராக இருந்தவருக்குத் தெரியாத வழியா என்று முந்திர் வியந்துகொண்டார்.

காபி வந்தது. பாஷா கோப்பையை வாங்கித் தன் முன்னால் சிறு மேசையில் வைத்தார். முந்திர் கழுத்தை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். ஷௌகி ஓட்டையில் கண்ணை வைத்தான்.

"உங்க பொண்ணு ஜுமானாவை எங்க பையன் குதைபாவுக்குக் கேட்டு வந்திருக்கோம்" என்றார் பாஷா.

"காபியைக் குடிங்க பாஷா, கேட்டது கிடைச்சாச்சு!"

உள்ளேயிருந்து குலவை எழும்பியது. பாஷா குடித்தார். எல்லோரும் வாழ்த்தினார்கள். ஷௌகி மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான்.

"மச்சான். சிவப்பு."

"என்னது?"

"சிவப்பு மின்னுது. விழலை."

"நீ முழுசா அமுத்தியிருக்க மாட்டே!" முந்திர் எழுந்து போய் அவன் விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்து, எல்லோரும் கேட்கும்படி பாடம் நடத்தினார். பிறகு அசட்டுச் சிரிப்போடு திரும்பினார். "பாஷா, தப்பா நினைக்கக் கூடாது. படத்துக்காக இன்னொரு தடவை கப்பைக் கீழே வைங்களேன்."

பாஷா தாடியைத் தடவினார்.

"எழுபத்தாறு வயசுல நான் சும்மா கப்பைக் கீழே வெச்சதில்லை. வெச்சா ஒண்ணு கேட்டுத்தான் எடுப்பேன். சும்மா வெச்சு எடுத்தா அது கேலிக்கூத்து. கப்புக்கும் மரியாதை இல்லை, வீட்டுக்கும் மரியாதை இல்லை."

"அதுக்கென்ன பாஷா! ஒண்ணு கேளுங்க, குடுத்துட்டாப் போச்சு!" என்றார் முந்திர். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார் என்று நினைத்திருப்பார்போல.

மறுபடி காபி ஊற்றினார்கள். பாஷா கோப்பையை வைத்தார்.

"கல்யாணம் ரெண்டு வருஷம் கழிச்சுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. எனக்கு அவ்வளவு நாள் இருப்பு இருக்கோ என்னவோ. இந்த ஆகஸ்ட்லயே முடிச்சுடணும். இதுதான் என் வேண்டுகோள்."

முந்திரின் வயிறு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. முப்பது ஜோடிக் கண்கள் அவர் வாயைப் பார்த்தன. மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. பாஷாவின் காபியை ஆறவிட்ட வீடு என்ற பெயரோடு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்குப் போக முடியாது.

"குடிங்க பாஷா" என்றார். "கிடைச்சாச்சு."

குலவை. வாழ்த்து. எல்லோரும் ஷௌகியைப் பார்த்தார்கள்.

"சிவப்புதான் மச்சான்."

"பேட்டரி!" என்று கத்தினார் முந்திர். உள்ளே ஓடினார். நேற்றுப் போட்ட பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் நேரம் ஐந்து பத்தோடு நின்றுபோயிற்று.

"என்ன அபூ லைஸ், கஷ்டப்படுறே? என் போன்ல எடுத்துடட்டுமா?" என்றார் ஃபக்ரி. குரலில் தேன் ஒழுகியது. "ஒரு நொடி வேலை."

மூன்று வாரமாகச் செல்போன் படங்களைக் காறித் துப்பி வந்த மனிதர் என்ன சொல்வார்? "போன் பேசுறதுக்கு, ஃபக்ரி" என்றார். "பாஷா... இன்னும் ஒரே ஒரு தடவை."

பாஷா பெருமூச்சோடு கோப்பையை வைத்தார். "பையனுக்கு வேலை அகபாவுல. பொண்டாட்டி அம்மான்ல மேல்மாடியில, புருஷன் கடற்கரையிலன்னு இருந்தா அது குடும்பமா? பொண்ணு புருஷனோட அகபாவுலதான் இருக்கணும்."

இந்தத் தடவை முந்திர் பதில் சொல்ல வாயெடுக்கும் முன்பே உள்ளே குலவை எழுந்துவிட்டது. குலவை எழுந்த பிறகு மறுக்கிறவன் மனிதனே இல்லை.

"கிடைச்சாச்சு" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சிவப்பு" என்றான் ஷௌகி. இப்போது அவன் குரலில் அழுகைகூடத் தெரிந்தது. "நான் அப்பவே சொன்னேன் மச்சான், இந்தக் குருட்டுக் கேமரா வேண்டாம்னு."

"கேமரா நல்ல கேமராதான்! வெளிச்சம் சரியில்லை!"

முப்பது பேரையும் எழுப்பி எதிர்ப்பக்கம் உட்கார வைத்தார். ஜன்னல் திரையை அவர் இழுத்த வேகத்தில் கம்பி கழன்று ஃபக்ரியின் தோளில் விழுந்தது. அன்றைய நாளில் முந்திருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு, குனாஃபா இனிப்பைக் கொண்டுவரச் சொல்லியிருப்பான். முந்திர் வேறு மாதிரி யோசித்தார். மூன்று கொடுத்தாயிற்று. இவ்வளவு கொடுத்துவிட்டுப் படமும் இல்லை என்றால், கொடுத்ததெல்லாம் வீண்தானே? இப்படி யோசித்தே சொத்தைத் தொலைத்தவர்களின் பத்திரங்களை அவரே இருபத்தாறு வருடமாகப் பதிவு செய்து வந்திருக்கிறார்.

நாலாவது கோப்பை கீழே வந்தது.

"பொண்ணு படிச்ச படிப்பு வீணாகக் கூடாது" என்றார் பாஷா. "அகபாவுலயும் மருந்துக்கடை இருக்கு. அவ இஷ்டப்படற வரைக்கும் வேலைக்குப் போகட்டும்."

"போகட்டும்" என்றார் முந்திர். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சிவப்பு, மச்சான்."

"வில்லையில தூசி இருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே துடைக்க எதையாவது தேடிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். மடித்த தாள் ஒன்று வந்தது. மூன்று நிபந்தனைகள் எழுதிய தாள். அதில் இனிமேல் வாசிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதாலேயே வில்லையைத் துடைத்து, கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பாஷா" என்றார், கெஞ்சலாக. "கடைசி."

"எனக்கே வயிறு நிறைஞ்சுபோச்சு, அபூ லைஸ்" என்றார் பாஷா. ஆனாலும் ஐந்தாவது கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். "இனிமே உன் மேல்மாடி காலியாத்தானே கிடக்கும்? காலி வீடு நல்லதில்லை. வீட்டம்மா யாரைச் சொல்றாங்களோ அவங்களுக்குக் குடுத்துடு. வாடகை கீடகைன்னு பேசாதே."

பெண் கல்யாணத்துக்கும் மேல்மாடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தெம்பு முந்திரிடம் இல்லை. "குடிங்க" என்று கையை மட்டும் அசைத்தார்.

"பச்சை!" என்று துள்ளினான் ஷௌகி. "பச்சை எரியுது மச்சான்! விழுந்துடுச்சு!"

முந்திர் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பெண்ணுக்கு நிச்சயமான சந்தோஷம் என்று கூட்டம் அதைப் புரிந்துகொண்டது.

அன்றிரவு ஜுமானா அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். ஐந்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை. தான் எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்பது முந்திருக்கே அப்போதுதான் தெரிந்தது.

மேல்மாடி யாருக்கு என்று முடிவு செய்ய ருதைனாவுக்கு ஓர் இரவுதான் தேவைப்பட்டது. சனிக்கிழமை காலை முந்திர் கேமராவோடு கிளம்பியபோது, படிக்கட்டில் ஷௌகியின் மெத்தை மேலே ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஷௌகியும்.

"ஒரு ஓரமா நில்லுங்க மச்சான், இடிச்சுடப் போகுது" என்றான், வீட்டுக்காரன்போல.

இந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு முந்திர் பிஷாராவின் கடைக்குள் நுழைந்தார். இன்றைக்குப் பிஷாராவால் குனியக்கூட முடியவில்லை.

"நீங்க வித்த கேமரா லட்சணத்தைக் கேளுங்க! அஞ்சு தடவை அமுத்தினோம். ஒண்ணுதான் விழுந்தது. நாலு படத்தை முழுங்கிடுச்சு! அந்த ஒண்ணைப் பெருசாப் போட்டுக் குடுங்க. அப்புறம் கேமராவைத் திருப்பி எடுத்துக்குங்க."

பிஷாரா அட்டையைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினார்.

"ஆறு படம் இருக்கே."

"காதுல விழலையா? ஒண்ணுதான் விழுந்தது."

"ஆறு இருக்கு, அபூ லைஸ். நீங்களே பாருங்க." அவர் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். ஐந்தாவது கோப்பையின் படத்தில் முந்திர் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். நாலாவதில் வாய் திறந்திருந்தது. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இரண்டாவதில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. முதல் படம் அற்புதமாக விழுந்திருந்தது. பாஷாவின் விரல் கோப்பையின் விளிம்பில், முந்திர் கழுத்தை நிமிர்த்தி, வயிற்றை இழுத்து, ராஜாபோல. சுவரில் அடித்த ஆணிகூடத் தெளிவாகத் தெரிந்தது.

"குத்தம் சொல்ல முடியாது, நல்ல கேமராதான்" என்றார் பிஷாரா. "முதல் அமுத்தலிலேயே கண்ணாடி மாதிரி வந்திருக்கு. அதையே எதுக்கு அஞ்சு தடவை எடுத்தீங்க?"

"சிவப்பு எரிஞ்சுதே" என்றார் முந்திர்.

"யார் பார்த்தாங்க?"

படிக்கட்டில் ஏறிய மெத்தை ஏனோ முந்திரின் நினைவுக்கு வந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு, எல்லாத்துக்கும் முன்னாடி எடுத்தது" என்று பிஷாரா ஆறாவதைத் திறந்தார். "வியாழக்கிழமை பகல் பன்னிரண்டே முக்கால்னு போட்டிருக்கு. உங்க வீட்டுச் சமையலறையா?"

சமையலறைதான். மேசைக்கு ஒருபக்கம் ஷௌகி, வாயெல்லாம் பல்லாக. இன்னொரு பக்கம் ருதைனா. நடுவில் கறுப்பு அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ஒருவர். படம் எடுத்தவரின் விரல் நுனி ஓரத்தில் விழுந்திருந்தது. நகத்தில் ஜுமானா பூசும் நிறம்.

பிஷாரா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார்.

"அட, அதே பெரியவர்! இங்கே கப்பைக் கீழேயே வைக்காம குடிக்கிறாரே. ஆமா, உங்க வீட்டம்மா எதுக்கு அவர்கிட்ட அஞ்சு விரலைக் காட்டுறாங்க, காபிக்கு அஞ்சு கரண்டி சர்க்கரையா போட்டுக்குவார்?"